மஞ்சள் அம்பு காட்டும் வழி: ஈஸ்டர் விடுமுறையில் நாட்டுப்புறம்

லண்டனிலும் அதைச் சுற்றியும் உள்ள தமிழ் வீடுகளில் ஈஸ்டர் விடுமுறை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் மத்தியானம் வரை படுக்கையில் கிடப்பார்கள். மூன்றாம் நாள் ரிமோட்டுக்குச் சண்டை வரும். அன்றிரவு அம்மாவோ அப்பாவோ தீம் பார்க் ஒன்றின் ரிக்கற் விலையைத் தேடிப் பார்த்து, நாலு பேருக்குக் கணக்குப் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த நாள் பிள்ளைகளை ஷொப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போவார்கள்.

வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில், ரிக்கற்றும் முன்பதிவும் இல்லாமல் நடந்து போகச் சட்டப்படி உங்களுக்கு உரிமையுள்ள வயல்களும் காடுகளும் இருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படியான பொதுவழிகள் சுமார் 225,000 கிலோமீற்றர். இருபது முப்பது வருடம் இங்கே வாழ்ந்தும் அதில் ஒரு கிலோமீற்றர்கூட நடக்காதவர்கள் நம்மிடையே நிறைய. வேலி போட்ட காணிக்குள் கேட்காமல் கால் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். வயலோரப் படலையைக் கண்டதும் "ஆற்றையோ காணி, உள்ளுக்குப் போகாதையுங்கோ" என்று அப்பம்மா பின்னாலிருந்து கூப்பிடுவார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதிலிருந்து தொடங்குவோம்.

படலையைத் திறக்கலாமா?

படலைக் கம்பத்தில் உள்ளங்கையளவு வட்டத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பொதுவழி. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், நீங்களும் போகலாம். வழி தனியார் வயலுக்கு நடுவே போனாலும், ஒருவருடைய வீட்டு முற்றத்தை உரசிக்கொண்டு போனாலும் உரிமை உரிமைதான். பக்கத்தில் 'தனியார் நிலம்' என்று பலகை நட்டிருந்தால், வழியை விட்டு விலகாதே என்று அதற்குப் பொருள். வழியை மூடியதாகப் பொருள் இல்லை. விலகி வயலுக்குள் பந்தடிக்கப் போனால் மட்டும்தான் அத்துமீறல்.

விதைத்த வயலுக்குக் குறுக்கே வழி போவதைக் கண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். உழுது விதைத்தாலும் வழியைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுபடி நடக்கும்படி ஆக்கித்தர வேண்டியது விவசாயியின் கடமை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. வயலைக் குறுக்கறுக்கும் நடைவழிக்குக் குறைந்தது ஒரு மீற்றர் அகலமும் விட வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒருவர் பின் ஒருவராக நடப்பது மட்டும்.

இன்னொரு படம் உண்டு: பழுப்பு வட்டத்துக்குள் நடந்துபோகும் மனித உருவம். அதைக் கண்டால் அம்பே தேவையில்லை. அந்த நிலம் முழுவதிலும் காலாற அலையலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மூர்நிலம், புதர்நிலம், சுண்ணாம்பு மேட்டுப் புல்வெளி, பதிவான பொதுநிலம் ஆகியவற்றை இப்படித் திறந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நடந்துகொண்டே சொல்லலாம். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர் சில நூறு பேர், பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் வேண்டுமென்றே ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ரொத்மன். வயது 20, ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு நான்கு மாதச் சிறை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. கிண்டர் ஸ்கௌட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் 1951இல் முதல் தேசியப் பூங்காவானது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் முன்னின்று கேட்ட உரிமையில்தான் இன்று நடக்கிறோம் என்பதை அப்பம்மாவுக்கும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

படலையைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: திறந்திருந்ததைத் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள். 'நல்லது செய்கிறோம்' என்று திறந்த படலையைச் சாத்தினால் மாடுகள் தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டுவிடலாம். அரைவட்டக் கூண்டுக்குள் ஊசலாடும் படலை ஒன்றையும் அடிக்கடி காண்பீர்கள். ஒருவர் உள்ளே போய், மூலையில் ஒதுங்கி நின்று, படலையைத் தன்னைத் தாண்டித் தள்ளி, மற்றப் பக்கத்தால் வெளியேற வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, நாலு தரம் போய் வருவார்கள். தள்ளுவண்டியோடு வந்தவருக்கு வேதனை. வேலிக்கு மேலால் ஏறி இறங்கும் மரக் கடவைகளிலோ வண்டியை மடித்துத் தூக்கித்தான் கடத்த வேண்டும். கைக்குழந்தை இருந்தால் வண்டியை வீட்டில் விட்டு, முதுகிலோ மார்பிலோ கட்டும் பையைக் கொண்டுபோங்கள்.

ஒரு செம்மஞ்சள் அட்டை

ஓர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வரைபடம் செம்மஞ்சள் அட்டையோடு வரும். நான்கு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். போனில் உள்ள சாதாரண வரைபடத்தில் வயல்வெளி வெறும் பச்சைத் திட்டாகத் தெரியும். இதில் ஒவ்வொரு வேலியும் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கும், பொதுவழிகள் பச்சைப் புள்ளிக் கோடுகளாக ஓடும். வேலி எந்தப் பக்கம், அடுத்த கடவை எங்கே என்பதையெல்லாம் அதில் பார்த்துக்கொள்ளலாம். லண்டனுக்கு அண்மையில் பயன்படக்கூடியவை: எப்பிங் காட்டுக்கு 174, சில்டர்ன் மலைகளின் கிழக்குப் பகுதிக்கு 172, பொக்ஸ் ஹில்லுக்கு 146, அஷ்டவுன் காட்டுக்கு 135. புதிதாக வாங்கினால் போனில் இறக்கிக்கொள்ளும் குறியீடும் உள்ளே இருக்கும். உள்ளூர் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

வாங்கியதும் அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் இந்த அத்தியாயத்திலேயே அதிகம் பலிக்கும் ஆலோசனை இதுதான். எட்டு வயதுப் பிள்ளை பச்சைப் புள்ளிக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு, "இப்ப வலப்பக்கம் காடு வரவேணும், அதுக்குப் பிறகு கடவை" என்று சொல்லி, சொன்ன இடத்தில் கடவை வந்துவிட்டால் அதன் பிறகு அன்று முழுக்க 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற கேள்வி வராது. அது பிள்ளையின் பொறுப்பாகிவிட்டது. வழி தவறினாலும் தவறட்டும். சரிபார்க்க உங்கள் போனில் அதே வரைபடம் இருக்கிறது. பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், ஆகவே வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.

தூரத்தை மிகக் குறைத்துத் திட்டமிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று கிலோமீற்றர் தாராளம். சேறு, கடவை, குச்சி பொறுக்கல், நாய் பார்த்தல் எல்லாம் சேர்ந்தால் மணிக்கு இரண்டு கிலோமீற்றர்தான் நகர்வீர்கள். ஒரு நாளில் ஓர் இடம் போதும். காலையில் ஒரு காடு, மாலையில் ஒரு கோட்டை, வரும் வழியில் ஒரு கடற்கரை என்று அடுக்குபவர்கள் காருக்குள்தான் விடுமுறையைக் கழிப்பார்கள்.

ஈஸ்டர் முந்தி வந்தால், பிந்தி வந்தால்

ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் விழலாம். 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. இந்த மூன்று கிழமை வித்தியாசத்தில் நாட்டுப்புறம் வேறு முகம் காட்டும். முந்தி வரும் ஆண்டில் மரங்கள் இன்னும் மொட்டையாக இருக்கும். வேலிகளில் இலை வருமுன்னே முட்செடிகள் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஓரங்களில் வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸ். பிந்தி வரும் ஆண்டில் காடுகளில் புளூபெல் தொடங்கிவிடும். தெற்கு இங்கிலாந்தில் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை அதன் காலம். ஆகவே மார்ச் இறுதியில் புளூபெல் பார்க்க என்று கிளம்பாதீர்கள். சில கவுன்சில்கள் விடுமுறையை ஈஸ்டரோடு ஒட்டாமலே வைக்கின்றன. பள்ளிக்கூட நாட்காட்டியைப் பாருங்கள்.

புளூபெல் காட்டில் ஒரே கட்டளை, பாதையிலேயே நிற்பது. படம் எடுக்கவென்று பிள்ளையைப் பூவுக்கு நடுவே உட்காரவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இலை நசுங்கினால் கிழங்குக்கு உணவு சேராது. அந்த இடம் பழைய நிலைக்கு வரப் பல வருடம் பிடிக்கும். கிழங்கைக் கிண்டி எடுப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அதே காடுகளின் ஈரப் பள்ளங்களில் உள்ளி மணக்கும். அது காட்டு உள்ளி. வீட்டுச் சமையலுக்கென ஒரு பிடி இலை கிள்ளுவது பொதுவாகத் தவறல்ல. வேரோடு பிடுங்கக்கூடாது, இயற்கைக் காப்பு நிலங்களில் இலை கிள்ளவும் வேண்டாம். ஆனால் அதற்குள்ளேயே நஞ்சுள்ள வேறு இலைகளும் முளைக்கும். ஒவ்வொரு இலையாகக் கசக்கி முகர வேண்டும் என்பார்கள். நாலாவது இலையில் உங்கள் விரலே உள்ளி மணக்கத் தொடங்கிவிடும், பிறகு எல்லா இலையும் உள்ளிதான். நன்றாகத் தெரிந்தவர் கூட வராவிட்டால் மணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். ஏப்ரல் நடுவில் லண்டனில் சூரியன் மறைய ஏறக்குறைய எட்டு மணி. காலையில் பிள்ளைகளை அடித்து எழுப்ப வேண்டியதில்லை. பதினொரு மணிக்குக் கிளம்பினாலும் நாள் நீளமாக இருக்கும். கார் நிறுத்த இடம் வேண்டுபவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் பெயர்பெற்ற இடங்களின் தரிப்பிடங்கள் காலையிலேயே நிரம்பிவிடும்.

எங்கே போவது

கிழக்கு லண்டன்காரர்களுக்கு எப்பிங் காடு. ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் இருப்பவர்களுக்கு இதைவிடக் கிட்டிய காடு கிடையாது. வால்தம்ஸ்டோவிலிருந்து ஓவர்கிரவுண்டில் சிங்ஃபோர்டுக்கு வந்து இறங்கினால், கொஞ்ச நடையில் எட்டாம் ஹென்றி 1543இல் கட்டுவித்த வேட்டை மாளிகை. அதைத் தாண்டிப் புல்வெளியைக் கடந்தால் கொனோட் வாட்டர் என்ற குளம். அதைச் சுற்றிய பாதை சமதளம், தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. அம்மம்மாவை அங்கே வாத்துகளோடு உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் காட்டுக்குள் போகலாம். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்பாற்றப்பட்ட காடு இது. 1882இல் விக்டோரியா மகாராணி நேரில் வந்து மக்களுக்கென்று அர்ப்பணித்தார். நூற்றாண்டுக் கணக்கில் விறகுக்காகத் தலை வெட்டப்பட்ட மரங்கள் பூதம் கை விரித்தது போல நிற்கும். நீண்ட கொம்புள்ள மாடுகளும் மேயும். அவற்றின் கழுத்துப் பட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: வேலி கிடையாது, எல்லைக்குக் கிட்டப் போனால் செய்மதி உதவியோடு பட்டையிலிருந்து ஓசை வரும், மாடு தானாகத் திரும்பும்.

ஹரோ, வெம்பிளிப் பக்கத்தவருக்கு செஸ் பள்ளத்தாக்கு. மெட்ரோபொலிட்டன் வண்டியில் சால்ஃபன்ட் அன்ட் லட்டிமர் நிலையத்துக்கு வந்து, காட்டு வழியால் இறங்கினால் செஸ் ஆறு. வங்கி அட்டையைத் தட்டியே வரலாம். பெரியவர்களோடு வரும் பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிலக்கீழ் ரயிலில் காசில்லை. செஸ் ஒரு சுண்ணாம்புக்கல் ஆறு: ஊற்றிலிருந்து வடிந்து வருவதால் அடியிலுள்ள கூழாங்கல் எண்ணும்படி தெளிவு. உலகில் இந்த வகை ஆறுகள் சில நூறுக்கு மேல் இல்லை, பெரும்பாலானவை இங்கிலாந்தில். வானத்தைப் பாருங்கள், பிளந்த வாலோடு செந்நிறப் பருந்து வட்டமிடும். ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்தே அழிந்துபோன பறவை. 1989இலிருந்து ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்னில் விட்டார்கள், இன்று சாண்ட்விச்சைக் கையிலிருந்து பறிக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. ரோல்ஸைக் கவனமாகப் பிடியுங்கள். லட்டிமர் கிராமத்துப் புல்தரையில் போயர் யுத்தத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு குதிரையின் இதயம் புதைக்கப்பட்ட இடம் இருக்கிறது. எங்கே, ஏன் இதயம் மட்டும் என்று பிள்ளைகள் திரும்பும்வரை கேட்பார்கள்.

தெற்கே பொக்ஸ் ஹில். வாட்டர்லூவிலிருந்து ரயில், வழியில் விம்பிள்டனிலும் ஏறலாம். நிலையத்திலிருந்து கொஞ்ச நடையில் மோல் ஆறு. அதில் பாய்ந்து பாய்ந்து கடக்கும் கற்கள். மழைக்குப் பின் தண்ணீர் கல்லுக்கு மேலால் போனால் கடக்க வேண்டாம், அந்த ஆறு சட்டென்று ஏறும். கல்லைக் கடந்தால் செங்குத்தான நீண்ட படிக்கட்டு. மேலே 224 மீற்றர் உயரத்தில் காட்சி, நாஷனல் ட்ரஸ்டின் தேநீர்க்கடை, கழிப்பறை. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் எல்லோரும் ஒருவரையொருவர் நோகடித்துக்கொள்ளும் பிக்னிக் நடப்பது இந்த மலையில்தான். குடும்பப் பிக்னிக் சண்டைகளுக்கு இரண்டு நூற்றாண்டு மரபு உண்டு.

கார் உள்ளவர்கள் அஷ்டவுன் காட்டுக்குப் போகலாம். வின்னி த பூ கரடி உலாவிய காடு, ஏ. ஏ. மில்ன் 1926இல் எழுதியபோது மனதில் வைத்திருந்தது இந்த இடம். ஹார்ட்ஃபீல்டுக்குக் கிட்ட ஒரு மரப்பாலம். ஒரு பக்கத்தில் குச்சியைப் போட்டுவிட்டு மற்றப் பக்கத்துக்கு ஓடி, யாருடையது முதலில் வருகிறது என்று பார்க்கும் பந்தயம் பிறந்த பாலம். குச்சியை வழியில் பொறுக்கிக்கொண்டு போங்கள். முன்னே வந்த பிள்ளைகள் பாலத்தடியை வழித்துத் துடைத்திருப்பார்கள்.

ரயில் செலவுக்கு ஒரு வார்த்தை. குடும்ப ரெயில்கார்ட் எடுத்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 வீதம் குறையும். நாலு பெரியவரும் நாலு பிள்ளைகளும் வரை போகலாம், ஒரு பிள்ளையாவது கட்டாயம் கூட இருக்க வேண்டும். லண்டன், தென்கிழக்குப் பகுதியில் வேலைநாள் காலை நெருக்கடி நேரத்தில் செல்லாது. ஈஸ்டர் நாலு நாளிலும் தண்டவாள வேலைக்கென்று சில பாதைகளை மூடுவது வழக்கம். முதல் நாளிரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆட்டுக்குட்டி பார்க்கும் பண்ணைகள்

மார்ச், ஏப்ரலில் செம்மறிகள் ஈனும். பல பண்ணைகள் காசு வாங்கிக்கொண்டு தொழுவத்தைப் பார்க்க விடும். கண்முன்னே குட்டி விழுவதையும், அது நடுங்கும் காலை ஊன்றி எழுந்து தாயின் மடியைத் தேடுவதையும் பார்த்த பிள்ளை நாள்கணக்கில் அதையே சொல்லித் திரியும். காசு கொடுக்கத் தகுந்த ஒரே நாள் என்று நான் நினைப்பது இதுதான். முன்பதிவு தேவை.

ஆனால் இங்கே கண்டிப்பு வேண்டும். கர்ப்பிணிகள் ஈனும் ஆடுகளுக்குக் கிட்டவே போகக்கூடாது. அவற்றைத் தொட்டவர்களின் உடுப்பையும் சப்பாத்தையும் தொடக்கூடாது. ஆடுகளிலிருந்து தொற்றும் சில கிருமிகள் கருச்சிதைவு வரை கொண்டுபோகலாம். பிள்ளைகள் குட்டியைத் தொட்ட கையோடு வாயைத் தொடக்கூடாது, குட்டிக்கு முத்தம் கொடுக்கக்கூடாது, கை கழுவாமல் கடலைகூடக் கொறிக்கக்கூடாது. ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும்தான் உதவும். பையிலிருக்கும் கை ஜெல்லை நம்ப வேண்டாம், ஈ. கோலை, கிரிப்டோஸ்போரிடியம் போன்றவற்றுக்கு அது ஈடாகாது. 2009இல் சர்ரேயில் ஒரு பண்ணைக்குப் போனவர்களில் 93 பேருக்கு ஈ. கோலை தொற்றியது, பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். ரோல்ஸைக் கை கழுவும் தொட்டியைத் தாண்டிய பிறகுதான் பையிலிருந்து எடுங்கள்.

திறந்த வயலில் மாடு கண்டால் பதற வேண்டாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள், பிள்ளைகளை ஓடவிடாதீர்கள், கத்தவிடாதீர்கள். மாடுகள் பின்னால் வருவது பெரும்பாலும் விடுப்புப் பார்க்கத்தான். நாயோடு போவோர், திறந்துவிட்ட நிலங்களில் மார்ச் 1இலிருந்து ஜூலை 31 வரை அதை இரண்டு மீற்றருக்கு மிகாத கயிற்றில் கட்டியே நடத்த வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது.

உடுப்பு, சாப்பாடு

ஏப்ரல் வெயிலை நம்பாதீர்கள். லண்டனில் பகல் 14, 15 பாகை என்றால் மேட்டில் காற்றோடு இன்னும் குளிரும். மெல்லிய உடுப்பாக இரண்டு மூன்று அடுக்கு, மேலே மழைக்கோட். சப்பாத்து விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். குளிர்காலச் சேறு ஏப்ரலில் காய்ந்திருக்காது. வெள்ளை ட்ரெய்னர்ஸோடு வந்த பதின்ம வயதுப் பிள்ளை முதல் வயலிலேயே வேலைநிறுத்தம் செய்துவிடும். மழைச் சப்பாத்தும் காரில் ஒரு சோடி மாற்றுக் காலுறையும் போதும், விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்து தேவையில்லை. சேலையோடு வரும் அம்மம்மாவுக்கு உள்ளே தடித்த காலுறையும் மடக்கு நாற்காலியும். ஓரங்களில் காஞ்சோண்டி போல எரிக்கும் நெட்டில் செடி தளிர்விட்டிருக்கும். பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை நல்லது.

சாப்பாட்டை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிரில் நின்று சாப்பிடுவதற்கு ரோல்ஸ், பற்றிஸ், கடலை வடைக்கு மிஞ்சியது கிடையாது. புளிச்சாதம் என்றால் ஆளுக்கொரு சிறு டப்பாவாகப் பிரித்துக் கட்டுங்கள். காற்றில் பெரிய பாத்திரத்தைத் திறந்து பரிமாறிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி. சித்திரை வருடப்பிறப்பு பல ஆண்டுகளில் இந்த விடுமுறைக்குள்ளேயே வருகிறது. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, பொங்கலையும் பலகாரத்தையும் கட்டிக்கொண்டு மத்தியானம் காட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

அடுப்பும் பார்பிகியூவும் மட்டும் வேண்டாம். இவ்வளவு ஈரத்தில் எப்படித் தீப்பிடிக்கும் என்று தோன்றும். தரை ஈரமாக இருந்தாலும் சென்ற ஆண்டுப் புல்லும் புதரும் வசந்தத்தில் சருகாகக் காய்ந்து கிடக்கும். 2019 ஈஸ்டர் வார இறுதியில் யோர்க்ஷயரின் மார்ஸ்டன் மூரில் ஏறக்குறைய 700 ஹெக்டேர் எரிந்தது; காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு தகரத் தட்டுப் பார்பிகியூ.

ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் சட்டப்படி மூடியிருக்கும். வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்குங்கள். கிராமத்து பப்புகளில் பிள்ளைகளோடு போய்ச் சாப்பிடலாம், நம்மவர்கள் தேவையில்லாமல் கூச்சப்படுகிறார்கள். மத்தியானச் சமையல் பெரும்பாலும் இரண்டரை மணியோடு முடியும். கழிப்பறை தேவைப்பட்டால் ஒரு தட்டு சிப்ஸ் வாங்கிக்கொண்டு கேட்பது மரியாதை.

மழை வந்தால்

தூறலுக்குத் திரும்பாதீர்கள். கொட்டும் மழை என்று முன்கூட்டியே தெரிந்தால் புளூபெல் ரெயில்வேக்குப் போங்கள். 1960இலிருந்து தொண்டர்கள் ஓட்டும் நீராவி ரயில், ஈஸ்ட் கிறின்ஸ்டெட்டிலிருந்து ஷெஃபீல்ட் பார்க் வரை 11 மைல். லண்டன் ரயிலில் ஈஸ்ட் கிறின்ஸ்டெட்டுக்கு வந்து இறங்கி அங்கேயே மாறிக்கொள்ளலாம். யன்னலோரம் நனையாமல் நாட்டுப்புறம் பார்க்கலாம், பிள்ளைகள் கரிப்புகை மணத்தோடு வீடு திரும்புவார்கள்.

வீடு திரும்பியபின்

சப்பாத்தை வாசலிலேயே கழற்றுங்கள். குளிக்க வார்க்கும்போது பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமயிர் ஓரம் எல்லாவற்றையும் பாருங்கள். புல்லிலும் பன்னத்திலும் ஏறும் உண்ணி எள்ளைவிடச் சிறியதாகக்கூட இருக்கும். கண்டால் எண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள். கூரிய முனையுள்ள சாமணத்தால் தோலுக்கு மிகக் கிட்டப் பிடித்து, நசுக்காமல் மெதுவாக நேரே மேலே இழுத்து, இடத்தைக் கழுவிவிடுங்கள். நாளைக் குறித்து வையுங்கள். பெரும்பாலான கடிகளால் ஒன்றும் வராது. அடுத்த சில கிழமைகளில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் படரும் தடிப்போ, காய்ச்சலும் அசதியுமோ வந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடம் போய், உண்ணி கடித்தது என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு முந்திக் கொடுத்தால் மாத்திரையே போதும்.